எம்டி முடித்து வெளிநாடு: வேலூர் பிஜி டாக்டர்களுக்கு வரிசை தவறாத வழிகாட்டி

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ சிஎம்சியிலோ பிஜி (எம்டி, எம்எஸ் முதலிய முதுநிலை) படிக்கும் ஒருவருக்கு வெளிநாட்டு யோசனை வந்ததும் முதல் வேலையாகக் கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிடுகிறார். அது ஆறாவதாகச் செய்ய வேண்டியது. பாண்ட் (படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்), பெயர், சான்றிதழ் ஆகியவற்றின் முடிச்சை அவிழ்க்காமல் தேர்வை மட்டும் எழுதினால், தேர்ச்சிக் கடிதம் கையில் இருக்கும், ஆனால் போக முடியாது. காத்திருக்கும் காலத்தில் ஆங்கில மதிப்பெண் காலாவதியாகிவிடும், தேர்வை மறுபடி எழுத வேண்டும்.

இதில் பெரும்பகுதி பிரிட்டனைப் பற்றியது. எம்டி, எம்எஸ் முடித்தவர் மறுபடி முதலாண்டு ரெசிடெண்டாகப் போய் நிற்காமலிருக்க அங்கேதான் வழிகள் கூடுதல். ஜிஎம்சி என்று கீழே வருவதெல்லாம் பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். நம்மூர் அரசு மருத்துவக் கல்லூரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. பாண்ட் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

சேர்க்கை நாளன்று அவசரத்தில் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் நகல் பலரிடம் இருப்பதில்லை. கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியவை மூன்று: எத்தனை ஆண்டு சேவை, செய்யாவிட்டால் கட்ட வேண்டிய தொகை, சேவைக்காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கணக்கு தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து ஓடாது, பணியில் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். போஸ்டிங் ஆணை தாமதமானால் உங்கள் திட்டமும் அத்தனை மாதம் தள்ளிப்போகும். தாமதமானால் எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வையுங்கள்.

சீனியர் சொன்ன தொகையும் காலமும் உங்களுடையதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அரசு இந்த விதிகளை அவ்வப்போது மாற்றியிருக்கிறது. நீங்கள் சேர்ந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேடும் நீங்கள் கையெழுத்திட்ட பத்திரமும்தான் உங்களுக்குப் பொருந்தும். அகில இந்திய ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும் பாண்ட் உண்டு. அரசுப் பணியிலிருந்து வந்த சர்வீஸ் பிஜிக்களின் கடமை மிக நீண்டது, அவர்கள் வேலையை விடுவதானால் துறையின் அனுமதி தனியாக வேண்டும். மிஷன் மருத்துவமனை ஸ்பான்சர்ஷிப்பில் சிஎம்சியில் சேர்ந்தவர்கள், ஸ்பான்சர் செய்த மருத்துவமனையில் எப்போது சேர வேண்டும் என்பதை இப்போதே பேசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாண்ட் ஆண்டை வீணான ஆண்டு என்று எண்ண வேண்டாம். எம்டிக்குப் பின் செய்த கிளினிக்கல் பணி எல்லா நாட்டு விண்ணப்பத்திலும் எடுபடும். ஏன் என்பது நான்காம், எட்டாம் பகுதிகளில் வரும்.

2. ஒரிஜினல்கள் கல்லூரியின் கையில்

பாண்ட் முடியும்வரை எம்பிபிஎஸ் பட்டம், மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்றிதழ் எல்லாம் கல்லூரியின் பீரோவில் இருக்கும். ஆனால் வெளிநாட்டுக் கவுன்சில்கள் முதலில் கேட்பது எம்பிபிஎஸ் பட்டத்தைத்தான், எம்டியை அல்ல. இதைச் சரிபார்க்கும் எபிக் என்ற இணையச் சேவைக்கு ஒரிஜினலின் கலர் ஸ்கேன் வேண்டும். அட்டெஸ்ட் செய்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்து அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

இன்னும் சேராதவர்கள், கவுன்சிலிங்குக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு தாளையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கலரில் ஸ்கேன் செய்து வையுங்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள், காரணம் குறிப்பிட்டு டீனுக்கு எழுதி, அலுவலகத்திலேயே உட்கார்ந்து ஸ்கேன் செய்ய அனுமதி கேளுங்கள். தாளை வெளியே எடுத்துப்போகக் கேட்டால் தயங்குவார்கள். அங்கேயே ஸ்கேன் செய்கிறேன் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழில் எந்தத் துறையில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். "12 மாதம் முடித்தார்" என்று ஒற்றை வரியில் இருந்தால், எம்பிபிஎஸ் படித்த கல்லூரியில் துறைவாரியான கடிதம் தனியாக வாங்குங்கள். மெடிசினிலும் சர்ஜரியிலும் எத்தனை நாள் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

எபிக் கணக்கை முதலாண்டிலேயே திறந்துவிடுங்கள். உங்கள் சான்றிதழைப் பட்டம் கொடுத்த நிறுவனத்துக்கே அனுப்பிப் பதில் வாங்குவார்கள். அங்கே அந்த மின்னஞ்சலை யாராவது திறந்து பார்க்க வேண்டும். வாரங்களில் முடியலாம், மாதங்களும் ஆகலாம். அனுப்பிய பின் கல்லூரி அலுவலகத்தில் எந்தப் பிரிவு இதைப் பார்க்கிறது என்று விசாரித்து ஒருமுறை நேரில் போய் நினைவூட்டினால் பாதி வேலை முடிந்தது.

3. இனிஷியல் தலைவலி

தமிழ்நாட்டுப் பெயர்களுக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "சு. கார்த்திக்", எம்பிபிஎஸ் பட்டத்தில் "கார்த்திக் எஸ்", பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன். மூவரும் ஒருவர்தான் என்பது நமக்குத் தெரியும், வெளிநாட்டுக் கணினிக்குத் தெரியாது.

பாஸ்போர்ட்டில் உள்ளதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுப் பதிவு, எபிக், ஆங்கிலத் தேர்வு எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அதே பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் எதையும் பதிவதற்கு முன்பே திருத்துங்கள். காலியாக விட்டவர்களின் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் "பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அச்சாகி, பிறகு வங்கிக் கணக்கு வரை துரத்தும். திருத்தத்துக்கு வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையமே போதும்.

பழைய சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்கு, எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வையுங்கள். திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற நினைப்பவர்கள், எல்லாத் தேர்வுக்கும் முன்பு மாற்றுங்கள், அல்லது எல்லாம் முடிந்து அங்கே போன பிறகு மாற்றுங்கள். நடுவில் மாற்றுவதுதான் வினை.

4. நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி

சம்பளத்தையும் குளிரையும் பிறகு பார்க்கலாம். என் எம்டிக்கு அங்கே என்ன மதிப்பு? இதைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஏறக்குறைய எதுவும் இல்லை. அமெரிக்க உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுகள் முடித்து, ரெசிடென்சியை முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். செப்டம்பரில் விண்ணப்பம், மார்ச்சில் மேட்ச் எனப்படும் இடப் பங்கீட்டின் முடிவு, ஜூலையில் சேர்க்கை. ஸ்டெப் 1 மதிப்பெண் 2022 ஜனவரியிலிருந்து பாஸ், ஃபெயில் என்று மட்டுமே வருவதால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணின் கனம் கூடிவிட்டது. ஜே-1 விசாவில் போனால் நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேவைச் சான்று வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு ஊர் திரும்ப வேண்டிய நிபந்தனையும் உண்டு. அங்கே போக உறுதியாக இருந்தால் எம்பிபிஎஸ் முடித்த கையோடு போயிருக்க வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில். எம்டியில் பாதி தாண்டியவருக்கு அது செலவு மிகுந்த வழி.

ஆஸ்திரேலியாவில் ஸ்பெஷலிஸ்ட் பாதை இருக்கிறது. உங்கள் பயிற்சியை அவர்களுடையதோடு ஒப்பிட்டுக் கணிசமாக ஒப்பானது, ஓரளவு ஒப்பானது, ஒப்பாகாதது என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். எம்டி முடித்த கையோடு விண்ணப்பித்தால் முதல் வகையில் வருவது அரிது.

வளைகுடா நாடுகளில் எம்டி நேரடியாக எடுபடும். ஆனால் எம்டிக்குப் பின்னான அனுபவ ஆண்டுகளைக் கேட்பார்கள், பிஜி படித்த மூன்றாண்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சீனியர் ரெசிடெண்ட் பணியோ பாண்ட் பணியோ அங்கே அனுபவமாக நிற்கும். டேட்டாஃப்ளோ என்ற ஆவணச் சரிபார்ப்பில் அனுபவச் சான்றிதழின் தேதிக்கும் சம்பளச் சீட்டின் தேதிக்கும் ஒரு மாத வித்தியாசம் இருந்தாலும் கேள்வி வரும்.

ஜெர்மனிக்கு மொழிதான் வாசல். பொது ஜெர்மன் பி2, அதன்மேல் மருத்துவ மொழித் தேர்வு சி1 அளவில். இரவு டியூட்டியோடு சேர்த்து இதை முடிக்க ஓராண்டு போதும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

பிரிட்டனில் எம்டி பட்டத்துக்கு நேரடி அங்கீகாரம் கிடையாது. ஆனாலும் எம்டிக்குப் படித்த படிப்பே அங்குள்ள ராயல் காலேஜ்கள் (துறைவாரி மருத்துவர் அமைப்புகள்) நடத்தும் தேர்வுகளுக்கும் உதவும். ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் ஏற, அனுபவ ஆவணங்களைக் காட்டும் போர்ட்ஃபோலியோ பாதையும் இருக்கிறது. 2023 நவம்பர் வரை அதற்கு சிஇஎஸ்ஆர் என்று பெயர். பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரே இருக்கும்.

5. பிளாப்பா, எம்ஆர்சிபியா

பிஜி டாக்டர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். எல்லோரும் போகிறார்கள் என்று இவர்களும் பிளாப், அதாவது வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் ஜிஎம்சி பதிவுக்காக எழுதும் தேர்வை எழுதப் போகிறார்கள்.

பிளாப் முதல் பகுதி 180 கேள்வி, 3 மணி நேரம். இந்தியாவில் சென்னை, பெங்களூரு உட்பட ஆறு நகரங்களில் எழுதலாம். இரண்டாம் பகுதி 16 நிலையங்கள், ஒவ்வொன்றும் 8 நிமிடம், மான்செஸ்டரில் மட்டும். விசா, விமான டிக்கெட், தங்குமிடம், அங்கே போய்ச் சேரும் பயிற்சி வகுப்பு எல்லாம் சேர்ந்தால் பலர் வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போகும். முதல் பகுதி தேறிய இரண்டாண்டுக்குள் இரண்டாம் பகுதி, அது தேறிய இரண்டாண்டுக்குள் ஜிஎம்சி பதிவு. அடுக்கம்பாறையில் பாண்ட் பாக்கி வைத்துக்கொண்டு இந்தக் கடிகாரத்தை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மற்றொரு வழி ராயல் காலேஜ் தேர்வுகள்: மெடிசின்காரர்களுக்கு எம்ஆர்சிபி, சர்ஜரிக்கு எம்ஆர்சிஎஸ், மகப்பேறுக்கு எம்ஆர்சிஓஜி, குழந்தை மருத்துவத்துக்கு எம்ஆர்சிபிசிஎச், ரேடியாலஜிக்கு எஃப்ஆர்சிஆர். இவற்றை முழுதாக முடித்தால் பிளாப் இல்லாமலே ஜிஎம்சி பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். எம்ஆர்சிபி முதல் பகுதியை எம்பிபிஎஸ் முடித்து 12 மாதம் ஆனபின் எழுதலாம், தேறினால் மீதியை முடிக்க ஏழாண்டு அவகாசம். பாண்ட் உள்ளவருக்கு ஏற்ற கடிகாரம் இதுதான். கடைசிப் பகுதியை முடித்தபின் மட்டும் மெத்தனம் கூடாது, மூன்றாண்டுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

இன்னொரு வழி எம்டிஐ என்ற குறுகிய காலப் பயிற்சித் திட்டம். ராயல் காலேஜ் ஸ்பான்சர்ஷிப்பில், அதிகபட்சம் 24 மாதம், பிளாப் வேண்டாம், ஆங்கிலத் தேர்வு வேண்டும். முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். குடியேற நினைப்பவருக்கு இது பொருந்தாது. ஒரு குறிப்பிட்ட திறனைக் கற்றுக்கொண்டு வேலூருக்கே வர நினைப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை.

6. மூன்றாண்டில் எதை எப்போது

முதலாண்டு: தாள் வேலைகள் மட்டும். மேலே சொன்ன மூன்று பகுதிகளையும் முடியுங்கள். தீசிஸ் புரோட்டோகாலும் டியூட்டியும் சேர்ந்தால் வேறெதற்கும் மூச்சு இருக்காது. இந்த ஆண்டில் கோச்சிங்குக்குக் கட்டிய பணம் வீண்.

இரண்டாமாண்டு: ராயல் காலேஜ் தேர்வின் முதல் பகுதி. எம்ஆர்சிபி முதல் பகுதி ஒரே நாளில் இரண்டு தாள், தாளுக்கு 100 கேள்வி, மும்மூன்று மணி நேரம். பிஜி விதிமுறைப்படி ஆண்டுக்கு 20 நாள் விடுப்பும் 5 நாள் கல்வி விடுப்பும் உண்டு, 80 சதவீத வருகை கட்டாயம். தேர்வுக்குப் பத்து நாள் விடுப்பை ஒன்றாக எடுக்க வேண்டுமானால், யூனிட் ரோஸ்டர் போடும் முன்பே எச்ஓடியிடம் (துறைத் தலைவர்) சொல்லுங்கள். ரோஸ்டர் வந்தபின் கேட்டால் கோ-பிஜியின் தலையில்தான் விழும், பிறகு உங்களுக்கு யாரும் டியூட்டி மாற்றித் தர மாட்டார்கள். காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர்தான் என்று தேர்வன்று காலை ரயிலை நம்பிக் கிளம்பாமல், முந்தைய இரவே போய்த் தங்குங்கள்.

மூன்றாம், நான்காம், ஐந்தாம் செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட ரெசிடென்சி வரும். வாலாஜாபேட்டை போன்ற மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் டியூட்டி நேரம் யூனிட்டைவிட முன்கூட்டியே தெரிந்துவிடும். படிக்க வாய்ப்பான மூன்று மாதம் அதுதான், உங்கள் முறை எப்போது என்று பார்த்துத் தேர்வுத் தேதியை அதற்கேற்பப் பதியுங்கள்.

மூன்றாமாண்டு: வெளிநாட்டுத் தேர்வு எதுவும் வேண்டாம். தீசிஸ் சமர்ப்பிப்பு, பல்கலைக்கழகத் தேர்வு, பிராக்டிகல். எம்டியில் தோற்றால் ஆறு மாதம் போகும், பாண்ட் தொடங்குவதும் தள்ளிப்போகும்.

7. ஆங்கிலத் தேர்வைக் கடைசியில் வையுங்கள்

ஜிஎம்சிக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் மொத்தம் 7.5, நான்கு பிரிவிலும் தலா 7க்குக் குறையாமல், ஒரே அமர்வில். அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில், மருத்துவர் பிரிவில், நான்கிலும் பி, அதாவது 350. மதிப்பெண்ணின் ஆயுள் இரண்டாண்டு. பிளாப் பாதையில் இது முதலிலேயே தேவைப்படும். ராயல் காலேஜ் பாதையில் பதிவுக்குச் சற்று முன்பு எழுதினால் போதும். "எப்படியும் எழுதத்தானே போகிறோம்" என்று முதலாண்டில் எழுதியவர்கள் நான்காம் ஆண்டில் மறுபடி கட்டணம் கட்டுகிறார்கள்.

டாக்டர்களுக்கு ஓஇடி எளிது என்பது பாதி உண்மை. எழுத்துப் பகுதி ஒரு ரெஃபரல் கடிதம், 45 நிமிடம், சுமார் 180 முதல் 200 சொல். கொடுத்த கேஸ் குறிப்பு முழுவதையும் கடிதத்தில் கொட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு. டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிப் பழகிய கை அப்படித்தான் போகும். கடிதத்தைப் படிப்பவருக்கு இப்போது எது தேவையோ அது மட்டும் வர வேண்டும். பத்தாண்டுக்கு முன்பு செய்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் அவருக்கு வேண்டாம்.

பேச்சுப் பகுதியிலும், எம்ஆர்சிபியின் பேசஸ் என்ற நேரடி கிளினிக்கல் தேர்விலும், பிளாப் இரண்டாம் பகுதியிலும் ஒரே பழக்கம் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. நம் ஓபியில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம். பேசுவது கூட வந்த அண்ணனிடமோ மகனிடமோ. முடிவில் "பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்". அங்கே நோயாளியிடமே பேச வேண்டும், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்க வேண்டும், உறுதி இல்லாத ஆறுதல் சொல்லக்கூடாது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் ஊர் இது. மொழி புரியாதவரிடம் பொறுமையாகப் பேசி, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்து சரிபார்ப்பதைத் தினமும் இரண்டு பேரிடம் செய்தாலே தனிப் பயிற்சி வகுப்பு தேவைப்படாது.

8. லாக்புக், கிரெஸ்ட், இடைவெளி

லாக்புக்கை (செய்த பணிகளைக் குறிக்கும் பதிவேடு) மாதா மாதம் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். மூன்றாமாண்டு இறுதியில் மொத்தமாக வாங்கும்போது பாதிக் கன்சல்டண்டுகள் இடம் மாறியிருப்பார்கள். செய்த செயல்முறைகளில் தனியாகச் செய்தது, உதவியாகச் செய்தது என்று பிரித்து எண்ணுங்கள். நோயாளி பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் தெரியும்படி ஸ்கேன் அனுப்பினால் அதுவே உங்களுக்கு எதிராகப் போகும்.

பிரிட்டனில் ஸ்பெஷாலிட்டி பயிற்சி இடத்துக்குப் போட்டியிட, அந்தப் பயிற்சிக்குத் தயாராக இருக்கிறீர்கள் என்று சான்றளிக்கும் கிரெஸ்ட் படிவம் வேண்டும். உங்களோடு குறைந்தது மூன்று மாதம் வேலை பார்த்த கன்சல்டண்ட் ஒருவரே எல்லாத் திறன்களுக்கும் ஒப்பமிட வேண்டும், அந்தப் பணி பயிற்சி தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்றரை ஆண்டுக்குள் இருக்க வேண்டும். இந்தியக் கன்சல்டண்ட் போடலாம். படிவத்தை அச்சடித்துப் படித்துப் பார்க்க அவருக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஓபிக்கு நடுவில் நீட்டினால் ஏதாவது ஒரு கட்டம் விடுபடும், ஒரு கட்டம் விடுபட்டாலும் விண்ணப்பம் செல்லாது.

எம்டி முடித்ததும் வேலையை விட்டுச் சென்னையில் அறை எடுத்து ஓராண்டு படிப்பது இப்போது பரவிவரும் வழக்கம். வேண்டாம். விண்ணப்பங்கள் அண்மைக்கால கிளினிக்கல் பணியைக் கேட்கின்றன. எம்டிஐக்குக் கடைசி 12 மாதமும் பணியில் இருந்திருக்க வேண்டும். சீனியர் ரெசிடெண்டாக இருந்துகொண்டே படியுங்கள்.

9. பதிவு கிடைத்தால் வேலை கிடைத்ததாகாது

ஜிஎம்சி எண் வந்த அன்றே வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். 2025 ஜூலையில் வந்த இங்கிலாந்தின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் அந்நாட்டில் படித்தவர்களுக்கும் அங்கே கணிசமான காலம் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. பயிற்சி அல்லாத பணிகளுக்கும் விண்ணப்பங்கள் குவிவதால், பல விளம்பரங்களைக் கடைசி நாளுக்கு முன்பே மூடிவிடுகிறார்கள்.

அதனால் விளம்பரம் வந்த அன்றே அனுப்பும்படி விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்திலும் "தேவையான தகுதிகள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதன் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு வரி, அதே வரிசையில் எழுதுங்கள். பொதுவான சிவியை நூறு இடத்துக்கு அனுப்புவதைவிட இப்படிப் பத்து அனுப்புவது மேல். கூடவே இங்கே சூப்பர் ஸ்பெஷாலிட்டிக்கான நீட் எஸ்எஸ் எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, பாடம் ஒன்றுதான்.

10. கிளம்பும் முன்

எம்டியைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதியுங்கள். கேரளத்திலோ கர்நாடகத்திலோ எம்பிபிஎஸ் பதிவு செய்து இங்கே பிஜிக்கு வந்தவர்கள், இரண்டு கவுன்சில் பதிவுகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்னும் குட் ஸ்டாண்டிங் சான்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வழியாக வரும், அதற்கு மாநிலக் கவுன்சிலின் சரிபார்ப்பு வேண்டும். ஜிஎம்சி விண்ணப்பத்தை ஏற்கும் நாளில் அது மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆகவே எல்லாத் தாளும் தயாரான பிறகு கடைசியாக இதைக் கேளுங்கள்.

வேலைக் கடிதம் வந்தபின் விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். காசநோய்ச் சான்று ஆறு மாதம் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்தது மட்டுமே செல்லும், உங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை. மருத்துவமனை உங்கள் முதல் மாதச் செலவுக்குப் பொறுப்பேற்காவிட்டால், 1,270 பவுண்டு உங்கள் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். இடையில் ஒருநாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போகிறவர்களுக்கு அங்குள்ள சுகாதாரக் கூடுதல் கட்டணம் கிடையாது, ஏஜெண்டு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மாநிலக் கவுன்சில் பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. கிளம்புவதற்கு முன்பே புதுப்பித்துவிட்டு, அடுத்த தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். கவுன்சிலில் கொடுத்திருக்கும் முகவரி பிஜி ஹாஸ்டலாக இருந்தால் வீட்டு முகவரிக்கு மாற்றுங்கள். அறையைக் காலி செய்தபின் அங்கே வரும் தபாலை யாரும் எடுத்து அனுப்பப் போவதில்லை.